பெற்றுக்கொண்டவர் கையெழுத்து

அவர் எங்கள் பள்ளியில் சேர்ந்த அன்று என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "தமிழம்மா, உங்க ஜாக்கெட் தோள்ல ரெண்டு தையல் வுட்டிருக்கு" என்பது. வணக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. தையல் விட்டிருந்தது உண்மை. அன்று முழுவதும் நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாடம் நடத்தினேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. அவர் அறிவியல் ஆசிரியை. இந்த வேலை கிடைக்கும்வரை ஆறு ஆண்டுகள் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவர். தைத்து வரும் ஷூவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, குறை உள்ள இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பும் வேலை. வேலை மாறினாலும் கட்டைவிரல் மாறவில்லை. மேசை விளிம்பு, வருகைப் பதிவேட்டின் முதுகு, அடுத்தவர் புடவைக் கரை என்று எதையாவது தடவிக்கொண்டே இருப்பார். ஸ்டிக்கர் சுருளையும் கையோடு கொண்டுவந்திருந்தார். மாணவர்களின் நோட்டில் தப்பு என்று எழுத மாட்டார். தப்பு இருக்கும் இடத்துக்கு நேராக ஓர் அம்பு ஒட்டுவார். என்ன தப்பு என்று பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் ப்ராஜெக்ட் என்றால் தெர்மாகோல். எரிமலை, சூரியக் குடும்பம், காற்றாலை மூன்றும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் தயாராகவே கிடைக்கும். கண்காட்சி முடிந்ததும் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குக் கைமாற்றி விடுவார்கள். ஒரே எரிமலைக்கு நான் மூன்று ஆண்டுகள் முதல் பரிசு கொடுத்திருக்கிறேன்.

அவர் வந்த ஆண்டில் நடந்த கண்காட்சியில் அவரையும் நடுவராகப் போட்டார்கள். ஒவ்வொரு மேசையாக நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது யாருக்கு?"

எரிமலை வைத்திருந்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்குத்தான் டீச்சர்" என்றாள்.

"எனக்கு வேணாமே" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். கோபமும் இல்லை, கேலியும் இல்லை. காய்கறிக்காரரிடம் முள்ளங்கி வேண்டாம் என்று சொல்வதுபோல் சொன்னார். அன்று யாருக்கும் பரிசு இல்லை. தலைமையாசிரியர் வாங்கி வைத்திருந்த டிபன் பாக்ஸ்கள் ஓராண்டு பீரோவில் இருந்தன.

அடுத்த வாரம் ஒரு நீள நோட்டு வந்தது. அதில் நான்கு கட்டங்கள். என்ன செய்தோம், யாருக்கு, குறை, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. கடைசிக் கட்டம் நிரம்பினால்தான் மதிப்பெண். ஒரு குழு சைக்கிள் ஸ்டாண்டுக்காரருக்கு, எந்த மாதம் எத்தனை மணிக்கு நிழல் எங்கே விழும் என்று அளந்து படம் போட்டுக் கொடுத்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, குறை என்ற கட்டத்தில் "மரம் இல்லை" என்று எழுதினார். அந்தக் குழு பிறகு ஒரு வேப்பங்கன்று வைத்தது. அதை ஆடு தின்றது. நோட்டில் அதுவும் இருக்கிறது.

ஆசிரியர் அறையில் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என் பக்கம் திரும்புவார் என்று எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் நான் கடிதம் திருத்திக்கொண்டிருந்தேன். "உங்கள் தெருவுக்குக் குடிநீர் வசதி வேண்டி நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதுக." தேர்வில் தவறாமல் வரும் கேள்வி. அனுப்புநர் என்ற இடத்தில் அ. அ. அ. என்று போட வேண்டும். உறைமேல் முகவரிக்கு அரை மதிப்பெண் உண்டு. அவர் ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

"இந்த லெட்டர்லாம் எங்க போவுது தமிழம்மா?"

பழைய பேப்பருக்கு என்றேன்.

தலையாட்டிவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினேழு ஆண்டுகளாகத் தண்ணீர் கேட்டு ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுத வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு வந்ததில்லை. இரண்டு நாள் நான் அவருடன் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிடிக்காமல் போன நாளும் உண்டு. எட்டாம் வகுப்பில் சக்கர நாற்காலியில் வரும் பெண் ஒருத்தி இருந்தாள். வகுப்பு வாசலில் மூன்று படி. தினமும் இரண்டு பேர் அவளைத் தூக்கிவிடுவார்கள். சாய்தளம் பாடம் நடந்தபோது நான்கு பையன்கள் அவளுக்காகப் பலகையில் ஒரு சாய்தளம் செய்தார்கள். வரைபடத்தைப் பார்த்தபோதே எனக்கே தெரிந்தது, சரிவு ஜாஸ்தி. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பேசாமல் விட்டார். ஒரு திங்கட்கிழமை காலை மொத்தப் பள்ளியும் பார்க்க அந்தப் பெண் சக்கரத்தைத் தள்ளினாள். பாதி ஏறி நின்றது. பிறகு பின்னால் உருண்டது. அவர்தான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார். யாரோ சிரித்துவிட்டார்கள். பெண் யாரையும் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியர் அறைக்கு வந்ததும் கேட்டேன், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தெரியாதா?

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அவங்க என்னையும் கேக்கல, அந்தப் பொண்ணையும் கேக்கல. அவளைக் கேப்பாங்கன்னு நெனச்சேன்." சிறிது நேரம் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "அதுக்கு அந்தப் பொண்ணு மாட்டிக்கிச்சு. அது என் தப்புதான்."

மதியம் அந்த வகுப்புக்குப் போய், எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். நீளமாக ஒன்றும் இல்லை. "உன்ன வெச்சு நான் டெஸ்ட் பண்ணியிருக்கக் கூடாது" என்றார். அடுத்த சாய்தளத்தை அந்தப் பெண்ணே நாற்காலியில் உட்கார்ந்தபடி அளவு சொல்லிச் செய்ய வைத்தாள். முதலில் செய்ததைப் போல மூன்று மடங்கு நீளம். நோட்டில் குறை என்ற கட்டத்தில் "வழவழப்பு, சாக்கு ஒட்டவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமையை நான் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அவருடைய மூன்றாம் ஆண்டில்தான் பருப்பு விவகாரம் வந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ரூத் என்று ஒரு பெண். அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. வீடு ரைஸ்மில் தெருவில். தண்ணீர் மாசு என்ற தலைப்பில் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். யாருக்கு என்று வழக்கம்போல் கேட்டதற்கு ரூத் சொன்னாள்:

"எங்கம்மாவுக்கு டீச்சர். எங்க தெரு தண்ணில பருப்பு வேகாது. காலைல ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். அஞ்சு மணிக்கு வெச்சாலும் பருப்பு பருப்பாவே இருக்குது."

எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஏன் இப்படி உப்பாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தெரியாததால் அல்ல. பாதி ஊர் தோல் பதனிடும் தொழிலில் சாப்பிடுகிறது. ரூத்தும் ஏன் என்று கேட்கவில்லை. எந்தத் தண்ணீரில் வேகும் என்று கேட்டாள்.

ரூத்தும் மூன்று தோழிகளும் ஒன்பது தெருக்களில் இருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தார்கள். அவர் தன் வீட்டு இரட்டை மின்சார அடுப்பைக் கொண்டுவந்து ஆய்வகத்தில் வைத்தார். ஒரே பாத்திரம், ஒரே சூடு, ஒரே அளவு துவரம்பருப்பு. இரண்டு விரலுக்கு இடையில் நசுங்கும்வரை எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும். இரண்டு வாரம் பள்ளி முழுக்கப் பருப்பு வாசனை. டேங்க் தெருக் குழாய் நீரில் நாற்பது நிமிடத்தில் வெந்தது. ரைஸ்மில் தெருவின் கறுப்புத் தொட்டி நீரில் இரண்டு மணி நேரம் ஆகியும் வேகவில்லை. அந்தத் தொட்டிமேல் நீல எழுத்தில் "குடிநீர்" என்று எழுதியிருக்கும்.

பட்டியலை ஒரு சார்ட்டில் எழுதினார்கள். எங்கே ஒட்டுவது என்று ரூத் கேட்டாள். யாருக்கு என்று எழுதியிருக்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். ரூத் போய் அதைத் தங்கள் தெருத் தொட்டியின் மேடையில் ஒட்டினாள். அம்மா கையெழுத்துப் போட்டார்.

அங்கே முடிந்திருக்க வேண்டிய ப்ராஜெக்ட். மறுநாள் விடியற்காலையில் ரைஸ்மில் தெருப் பெண்கள் இருபது பேர் குடத்தோடு டேங்க் தெருக் குழாய்க்குப் போய் நின்றார்கள்.

நான்காம் நாள் டேங்க் தெருப் பெண்கள் பள்ளிக்கு வந்தார்கள். முன்னால் நின்ற பெரியம்மா தலைமையாசிரியரிடம் சொன்னார்: "எங்க தண்ணி நல்ல தண்ணின்னு எங்களுக்கே தெரியாது சார். இவங்க ஏன் எழுதி ஒட்டுனாங்க? ஒரே பேஜாரா போச்சு." அன்று காலை வரிசையில் தள்ளுமுள்ளு. ரூத்தின் அம்மா விழுந்து, மணிக்கட்டு வீங்கி, பஸ்ஸை விட்டுவிட்டார். தையல் மெஷினில் உட்காருபவருக்கு மணிக்கட்டு என்றால் வேலையே அதுதான்.

சார்ட்டைக் கிழித்துவிடச் சொன்னார் தலைமையாசிரியர். அறிவியல் டீச்சர், "ஒட்டுனது பசங்க சார். கிழிக்கறதும் அவங்கதான் முடிவு பண்ணணும்" என்றார். முடிவு பண்ண ரூத் வரவில்லை. அவளுடைய அம்மாதான் கையில் கட்டோடு வந்தார். சத்தம் போடவில்லை. "எங்க பொண்ணுக்கு மார்க் போடுங்க, போடாம போங்க. எங்கள வுட்டுடுங்க டீச்சர். நான் அந்தத் தெருவுல நிக்க முடியல" என்றார். ரூத் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை.

அவர் யாரையும் சமாதானம் செய்யவில்லை. ரூத் வீட்டுக்கும் போகவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு எனக்குப் போன் செய்து, "ஒரு கொடம் எடுத்துட்டு வாங்க" என்றார். ஏன் போனேன் என்று இன்றும் தெரியவில்லை. இருவரும் டேங்க் தெரு வரிசையில் கடைசியில் நின்றோம். அவர் கையில் குடம், இடுப்பில் அந்த நீள நோட்டு. யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை குடம் பிடித்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதிக்கொண்டே நின்றார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் நோட்டைக் காட்டினார். ஒருவர் தன் நேரம் தவறு என்று திருத்தினார். மூன்றாம் நாள் காலை, எங்களுக்குப் பின்னால் ரூத் குடத்தோடு வந்து நின்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். நோட்டை நீட்டினார். ரூத் வாங்கிக்கொண்டு, அடுத்து வந்த பெண்ணின் நேரத்தை எழுதினாள். நாங்கள் இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டோம். என் குடத்தில் தண்ணீர் இல்லை.

ரூத் எழுதியதில் ஒன்று தெரிந்தது. சண்டை எல்லாம் ஆறிலிருந்து ஏழு மணிக்குள். கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறார்கள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முதலில், தெருவுக்கு இரண்டு வரிசை, ஆளுக்கு இரண்டு குடம் என்று அவளும் தோழிகளும் ஒரு நேரப் பட்டியல் போட்டார்கள். முதல் பட்டியலை டேங்க் தெருப் பெரியம்மா திருப்பிக் கொடுத்தார். தன் மருமகளும் அதே பஸ்ஸில்தான் போகிறாளாம், கேட்டீர்களா என்றார். கேட்கவில்லை. இரண்டாவது பட்டியலில் மருமகள் பெயர் முதலில் இருந்தது. பெரியம்மா கையெழுத்துப் போட்டு, குறை என்ற கட்டத்தில் எழுதச் சொன்னார்: "எத்தனை நாளைக்கு? உங்க தெருவுக்கு நீங்களே குழாய் கேளுங்க."

அப்படித்தான் ரூத்தும் தோழிகளும் என்னிடம் வந்தார்கள்.

நான் சொல்லிக்கொடுத்த மாதிரிக் கடிதம் மூன்று பக்கம். நீரின்றி அமையாது உலகு என்று தொடங்கும். ரூத் பணிவாகக் கேட்டாள், "டீச்சர், 'தாழ்மையுடன்' எத்தன தடவ எழுதணும்?" அரைப் பக்கத்துக்குக் குறைத்தோம். தெருப் பெயர், தொட்டி எங்கே இருக்கிறது, எத்தனை வீடு, எந்தத் தண்ணீரில் பருப்பு வேக எவ்வளவு நேரம். அனுப்புநர் என்ற இடத்தில் அவர்களுடைய பெயரையே எழுதினார்கள். தெருக்காரர்கள் கீழே கையெழுத்துப் போட்டார்கள். உறைமேல் முகவரி சரியாக இருக்கிறதா என்று நான் நான்கு முறை பார்த்தேன். இந்த முறை அரை மதிப்பெண்ணுக்காக அல்ல.

ஒன்றரை மாதம் கழித்து நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து, ரூத் மறுபடி எழுதிக் கொண்டுவந்த சார்ட்டைப் பார்த்தார், நேர்த்தியாக இருப்பதாகச் சொன்னார். பிறகு, "ஆனா அது குடிநீர்த் தொட்டிம்மா. ஃபைல்ல அப்படித்தான் இருக்குது. பருப்புலாம் ஒரு ஆதாரமா?" என்றார்.



நானும் அறிவியல் ஆசிரியையும் கதவோரம் நின்றிருந்தோம். ரூத் எங்களைப் பார்த்தாள். எங்கள் ஆய்வகத்தில் தண்ணீரின் உப்பைச் சோதித்து எழுதிய தாளும் என் கையில் இருந்தது. நான் ஓரடி எடுத்து வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். முகம் எப்போதும்போல் இருந்தது, முள்ளங்கி வேண்டாம் என்கிற முகம். ஒரு நிமிடம் இருக்கும். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். ரூத்தின் கண் நிரம்பிவிட்டது. சாய்தளம் பின்னால் உருண்ட திங்கட்கிழமை எனக்கு ஞாபகம் வந்தது, இந்த மனுஷி திருந்தவே மாட்டாள் என்று நினைத்தேன்.

"சார்," என்றாள் ரூத். "உங்களுக்கு முக்கால் மணி நேரம் டைம் இருக்குதா?"

"எதுக்கும்மா?"

"நீங்களே வந்து பாருங்க. தண்ணி நீங்களே புடிச்சுக் குடுங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர் சாப்பிடப் போயிருந்தான். எழுந்தார். அவரே போய் இரண்டு தெருவிலும் தண்ணீர் பிடித்து வந்தார். ஆய்வகத்தில் இரண்டு பாத்திரத்திலும் பருப்பைத் தன் கையாலேயே போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் பருப்பு கொதிக்கும் சத்தம் மட்டும். ஒரு பாத்திரத்தில் குழைந்தது. மற்றதில் போட்டபடியே அசைந்துகொண்டிருந்தது. அதிகாரி கரண்டியால் எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். பிறகு இன்னொரு பருப்பை எடுத்து நசுக்கினார். "இத இப்பதான் போட்டீங்களா?" என்றார். "ஒண்ணாத்தான் சார் போட்டோம், நீங்கதான் போட்டீங்க" என்றாள் ரூத்.

நோட்டை நீட்டினாள். அதிகாரி நான்கு கட்டங்களையும் படித்தார். குறை என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் "பார்த்தேன்" என்று எழுதினார்.

அவர்கள் எல்லோரும் போனபிறகுதான் என் மணிக்கட்டு எரிவதைக் கவனித்தேன். நான்கு நகம் ஆழப் பதிந்திருந்தது. ஓரிடத்தில் ரத்தம். அவர் அதைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். முதலுதவிப் பெட்டியைத் தேடிப் போனார். பஞ்சில் மருந்து நனைத்து வைத்தார். பாட்டில் மூடியைத் திருகி மூடுவதற்கு அவருக்கு மூன்று தடவை ஆயிற்று. இந்த மனுஷி என்று மனதில் சொன்னதை நான் அப்போது திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு அவர் மாறுதல் வாங்கிக்கொண்டு திருப்பத்தூர் பக்கம் போய்விட்டார். அதற்கு முன்பே ரைஸ்மில் தெருவுக்கு டேங்க் தெருவிலிருந்து குழாய் நீட்டினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். தொட்டிமேல் இருந்த "குடிநீர்" என்ற எழுத்தை யாரும் அழிக்கவில்லை.

குழாயில் தண்ணீர் வந்த வாரம் சனிக்கிழமை ரூத்தின் அம்மா பள்ளிக்கு வந்தார். கம்பெனிக்கு அன்று அரைநாள். மணிக்கட்டில் கட்டு இல்லை. எவர்சில்வர் தூக்கில் சூடாகச் சோறும் பருப்பும் கொண்டுவந்திருந்தார். ஆசிரியர் அறையில் அறிவியல் டீச்சருக்கு எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே, சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் ஒரு வாய் எடுத்து மென்றார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது.

"நல்லா வெந்துருக்குது," என்றார். "உப்பு கம்மி."

ரூத்தின் அம்மா ஒரு கணம் விழித்தார். அவரும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாத சிரிப்பு.

"ஆமா டீச்சர். தண்ணிலயே இருக்கும்னு கை கொஞ்சமாதான் போட்டிருக்குது," என்றார். "பதினஞ்சு வருஷப் பழக்கம். இனிமேதான் நான் உப்பு போடக் கத்துக்கணும்."